அரைமணி நேரக் குருடர்கள்

கூடுவாஞ்சேரி
6-9-1999

அன்புள்ள ஏசுபாதம் அவர்களுக்கு,

இதை ஆபீஸ் தாளில் எழுதவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். பர்சனல் ஆபீசர் பிரபாவதி எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் போனை எடுத்ததும் உங்கள் குரலைக் கேட்டு வேலையைத் தொடங்கிய ஒருத்தி எழுதுகிறாள்.

நீங்கள் நாற்பத்தைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று மட்டும் டைப் அடித்திருந்தீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். "அவரு போனாண்ட வரமாட்டேன்றாருங்க" என்றார்கள். டெலிபோன் ஆபரேட்டரே போனுக்கு வர மறுத்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். ஆகஸ்ட் 13ஆம் தேதி பயிற்சிக்குப் பிறகு நீங்கள் சரியாக இல்லை. ஊனமுற்ற ஊழியர்களோடு எப்படிப் பழகுவது என்று ஆபீசில் எல்லோருக்கும் ஒரு விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்று ஜி.எம். ஹரிகிருஷ்ணன் சாரிடம் ஆறு மாதம் மன்றாடி அனுமதி வாங்கியவள் நான். அன்று அறுபது பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு மெயின் கேட்டிலிருந்து கேன்டீன் வரை அரைமணி நேரம் தட்டுத்தடுமாறி நடந்தார்கள். ஜி.எம். சார் சைக்கிள் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார். நான் அழுதேவிட்டேன். "இந்த மனுஷர் தினமும் இப்படியா வந்து போகிறார்" என்று ஒவ்வொருவரும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார்கள். ஒரு பயிற்சி இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன குறை வைத்தோம்? அட்டெண்டர் பன்னீர்செல்வத்தை உங்கள் கூடவே இருக்கச் சொன்னோம். சாப்பாடு உங்கள் மேஜைக்கே வருகிறது. புது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று ரிசப்ஷன் ஸ்வாதியை அதில் உட்கார வைத்தோம். சம்பளமோ பதவியோ எதுவும் குறையவில்லை.

அக்டோபர் 15ஆம் தேதி லீவு முடிகிறது. அதன் பிறகும் வராவிட்டால் விதிப்படி பெயரை எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். அதனால் கேட்கிறேன், என்ன நடந்தது?

பிரபாவதி

~

பூஞ்சேரி
11-9-1999

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் கடிதம் வந்தது. என் மனைவி காசியம்மாள் படித்துக் காட்டினாள். அவள் இங்கே கடற்கரை ரிசார்ட் ஒன்றில் சமையல்கட்டு வேலை பார்க்கிறாள். எட்டாவது வரை படித்தவள், கடிதம் படிக்கும்போது சும்மா படிக்க மாட்டாள், நடுநடுவே தீர்ப்பும் சொல்வாள். பதிலை நானே டைப் அடிக்கிறேன். எழுத்து தப்பியிருந்தால் அது என் விரலின் வேலை. கோபம் இருந்தால் அது முழுக்க என்னுடையது.

போனுக்கு வராததற்கு மன்னிக்கவும். ஊரார் சண்டையை எல்லாம் பதினோரு வருடம் இந்தக் கையால் இணைத்துக் கொடுத்தவன் நான். நடுவில் எத்தனை காதுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் சண்டையைக் காகிதத்திலேயே போட்டுக்கொள்கிறேன்.

"என்ன குறை வைத்தோம்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் காசியம்மாள் நிறுத்திவிட்டாள். "இன்னாய்யா இது, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி கோச்சிகினு பூட்டா கேக்கற மாதிரி கேக்குது இந்தம்மா. நீ அங்க விருந்தாளியா, வேலக்காரனா?" என்றாள். நான் பத்து பக்கத்தில் சொல்ல நினைத்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 13க்கு முன்னால் நான் கேன்டீனுக்குப் போனால் ஸ்டோர்ஸ்காரர்கள் கிரிக்கெட் பேசி என்னைச் சண்டைக்கு இழுப்பார்கள். பன்னீர்செல்வம் "யோவ் ஏசு, காலு நீட்டிகினு கீற, மடக்குய்யா" என்பான். இப்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கிருந்தோ ஒரு கை வந்து முழங்கையைப் பிடிக்கிறது. பன்னீர்செல்வம் என்னை "சார்" என்கிறான். பாத்ரூம் வாசல் வரை கூடவே வந்து வெளியே நின்று மூச்சு விடுகிறான். உள்ளே இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

புது எக்ஸ்சேஞ்ச் எனக்குச் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜூலை மாதம் வந்தது மேடம். இரண்டே நாளில் விரலுக்குப் பழகிக்கொண்டேன். ஆறு வாரம் அதை ஓட்டியவன் நான்தான்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி ஜி.எம். சாருக்கு வந்த பூனா பார்ட்டியின் போன் காலைக் கட் செய்துவிட்டேன். கண் தெரியாததால் இல்லை, ஸ்டோர்ஸ் போனில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தியதால். நாலு வருடம் முன்பு இதே தப்பைச் செய்தபோது சார் மாடியில் கத்தியது கேட் வாட்ச்மேனுக்குக் கேட்டது. இந்தத் தடவை கீழே இறங்கி வந்தார். தோளைத் தட்டினார். "பரவாயில்லப்பா, பாவம், நீ என்ன பண்ணுவே" என்றார். மறுநாள் எக்ஸ்சேஞ்ச் போர்டிலிருந்து என்னை எழுப்பி ஜன்னலோரம் ஒரு குஷன் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள்.

நல்ல நாற்காலி. மூன்று நாள் அதில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் முடியவில்லை. திரும்பி வருவதாக எண்ணம் இல்லை.

ஏசுபாதம்

~

கூடுவாஞ்சேரி
15-9-1999

ஏசுபாதம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் கோபம்தான் வந்தது. உங்கள் மனைவி இதைப் படித்து என்ன தீர்ப்பு சொன்னாலும் சரி, எழுதத்தான் போகிறேன்.

நாற்காலி என் யோசனை இல்லை, ஜி.எம். சாருடையது. நான் எதிர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் நான் அழுதது நடிப்பா? கண்ணைக் கட்டிக்கொண்டு பத்தடி வைத்ததும் எனக்குக் கால் நகரவில்லை. எதிரே சுவரா, பள்ளமா, லாரியா என்று தெரியாமல் நின்றேன். இந்தப் பயத்தோடு ஒரு மனிதர் பூஞ்சேரியில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ரயில் பிடித்து சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, அங்கிருந்து ஃபேக்டரிக்கு வருகிறாரே என்று நினைத்துத்தான் அழுதேன். ஒருவர் கஷ்டத்தை உணர்வது குற்றமா? மற்ற கம்பெனிகளில் இதைக்கூடச் செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜி.எம். சார் நேற்று என்னைக் கூப்பிட்டு, புது எக்ஸ்சேஞ்சுக்கு ஸ்வாதி போதும், ஆபரேட்டர் போஸ்டே தேவையில்லை போலிருக்கிறதே என்றார். நீங்கள் வராமல் இருந்தால் அவர் வேலை சுலபமாகிவிடும். உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு உங்களைப் போன்ற இன்னொருவர் வர வழியே இருக்காது. கோபத்தில் இதை மறக்க வேண்டாம்.

பிரபாவதி

~

பூஞ்சேரி
19-9-1999

மதிப்பிற்குரிய மேடம்,

உணர்ந்தது குற்றமில்லை. எதை உணர்ந்தீர்கள் என்பதில்தான் தப்பு.

அன்று நீங்கள் அறுபது பேரும் அரைமணி நேரக் குருடர்கள். கண் போன முதல் அரைமணியில் யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள். நான் பிறந்ததிலிருந்து முப்பத்தாறு வருடமாக இப்படி. நீச்சல் தெரியாதவனைப் பிடித்துக் கடலில் தள்ளி, தண்ணீர் குடித்தபின் மேலே இழுத்து, "பார், மீன்பிடிக்கிறவன் தினமும் இப்படித்தான் மூழ்குகிறான்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தீர்கள். உங்கள் பயத்தை எடுத்து எனக்கு மாட்டிவிட்டீர்கள். அது எனக்கு அளவாக இல்லை.

நான் வழியை மூக்கால் மோப்பம் பிடித்து வருவதாகவும் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் கிடையாது. செங்கல்பட்டில் எந்த பஸ் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன். அவர் சொல்வார். அவ்வளவுதான்.

நீங்கள் ஒருமுறை என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 82ஆம் வருடம் ஸ்ட்ரைக். கம்பெனிக்கு வந்த முதல் பெண் ஆபீசர் நீங்கள். யூனியன் கோரிக்கைகளுக்கு எல்லாம் வாரக்கணக்கில் உட்கார்ந்து பதில் தயாரித்தவர் நீங்கள். பேச்சுவார்த்தை நாளன்று "லேடீஸ், பாவம், கலாட்டா ஆனா என்ன செய்வாங்க" என்று உங்களை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரொம்ப மரியாதையாக, கதவைத் திறந்துவிட்டு அனுப்பினார்கள் என்று சொன்னீர்கள். அன்று அந்த ஜீப்பில் போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போனீர்களோ, அதைத்தான் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைக்கும் போல இருக்கிறது. அக்டோபர் 15ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். காசியம்மாளுக்கு இஷ்டமில்லை. "நூத்தி நாப்பது லைனு மண்டைக்குள்ள வச்சிகினு கீற. பூத்துல குந்திகினு பில்லு கிழிச்சிக் குடுக்கப் போறியா?" என்கிறாள். எனக்கும் இஷ்டமில்லை என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. அந்த போர்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் பூத்தில் நான் தப்புச் செய்தால் எவனாவது சண்டைக்கு வருவான். அந்த மரியாதை போதும் என்று தோன்றுகிறது.

ஏசுபாதம்

~

கூடுவாஞ்சேரி
24-9-1999

அன்புள்ள ஏசுபாதம்,

ஜீப்பில் நான் அழவில்லை. வண்டியைத் திருப்புங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். "ஆர்டர் மேடம்" என்றார். பதினேழு வருடம் கழித்து அதே ஆர்டரை நான் உங்களுக்குப் போட்டிருக்கிறேன். என்னை மன்னியுங்கள்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

புதன்கிழமை ஸ்வாதி லீவு. யாரை உட்கார வைப்பது என்று ஜி.எம். கேட்டார். நான் உட்கார்கிறேன் என்றேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே நம்பர் லிஸ்ட்டை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டரைக்கு முதல் கால் வந்தது. லிஸ்ட்டில் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டாவது வந்தது. இரண்டாவதைப் பிடித்து வைப்பதற்குள் முதலாவது போய்விட்டது. ஒன்பதரைக்கு என் புடவை முழுக்க வியர்வை. கூப்பிட்ட பாதிப் பேர் பெயர் சொல்லவில்லை. "நான்தான்" என்கிறார்கள். நீங்கள் அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து பேசிய லாரி டிரைவர், "ஏசு அண்ணாத்த இல்லியா? அப்ப நான் அப்றமா பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். பர்சனல் ஆபீசர் என்று சொல்லியும் என்னிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். புருஷன் நம் கம்பெனியில் வேலை, பெயர் சொன்னாள், பிரசவ வார்டில் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம். எந்த ஷாப் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் மெஷின் ஷாப்புக்குப் போட்டேன், இல்லை. பெயின்ட் ஷாப், இல்லை. ஒன்பது நிமிடம் அந்தப் பெண் லைனில் நின்றாள். கடைசியில் பன்னீர்செல்வம்தான் ஓடிப் போய் ஆளைப் பிடித்து அழைத்து வந்தார். வந்தவர், "ஏசு இருந்தா இந்த வாரம் நான் அசெம்ப்ளில கீறேன்னு தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றார். நானூறு பேரின் ஷிஃப்ட்டையும் நீங்கள் மனதில் வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் உங்களை நல்ல ஆபரேட்டர் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அந்த ஃபேக்டரியையே தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் புரிந்துகொள்ள நான் கண்ணைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. உங்கள் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜி.எம். சாரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அன்று நான் நடத்திய பயிற்சி தப்பு, திரும்ப நடத்த வேண்டும், இந்த முறை ஏசுபாதம் நடத்துவார் என்றேன். "அவர் என்னம்மா நடத்துவார்?" என்றார். ஒரு மணி நேரம் கொடுங்கள், அதற்கப்புறமும் போஸ்ட் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அந்தக் காகிதத்தை நானே டைப் அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். அக்டோபர் 6, புதன்கிழமை, பத்து மணி என்றார்.

உங்களைக் கேட்காமல் பந்தயம் கட்டிவிட்டேன். வருவீர்களா?

பிரபாவதி

~

பூஞ்சேரி
28-9-1999

மதிப்பிற்குரிய மேடம்,

வருகிறேன். ஆனால் சில விஷயங்கள்.

யாரும் கண்ணைக் கட்டக் கூடாது. பொன்னாடை, மாலை, இறைவணக்கம், குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். பொன்னாடை போர்த்தினால் அப்படியே திரும்பி நடந்துவிடுவேன். மைக் வேண்டாம், யார் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும். ஜி.எம். சார் மேடையில் உட்காராமல் எல்லோரோடும் உட்கார வேண்டும். வண்டி அனுப்ப வேண்டாம். எப்போதும் போல வருவேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பல ஆபீசர்களின் குரலைக் கேட்டிருக்கிறேன். ஜெயித்ததை எல்லோரும் சொல்வார்கள். வியர்த்ததையும் தோற்றதையும் இவ்வளவு விவரமாகக் கீழே வேலை செய்பவனுக்கு எழுதிய ஆபீசர் நீங்கள் ஒருவர்தான். பிரசவ வார்டு பெண்ணின் இடம் வந்தபோது காசியம்மாள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நல்ல பொம்பளயா கீதுய்யா. போய்ட்டு வந்துடு" என்றாள். அவள் இப்படி எளிதில் யாரையும் பாஸ் செய்ய மாட்டாள்.

குழந்தை என்ன குழந்தை?

ஏசுபாதம்

~

பூஞ்சேரி
7-10-1999

மதிப்பிற்குரிய மேடம்,

நேற்று நடந்ததில் எனக்குக் கேட்டது இருக்கிறது, பார்த்தது இல்லை. நேரில் கேட்டால் நீங்கள் மனம் நோகாமல் பேசுவீர்கள். அதனால் எழுதிக் கேட்கிறேன். சர்க்கரை போடாமல் எழுதுங்கள்.

"மெயின் கேட்டிலிருந்து ஸ்டோர்ஸுக்கு வழி சொல்லுங்கள், இங்கே, அங்கே, தோ, இப்படி என்ற வார்த்தை வந்தால் அவுட்" என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல. பிறகு ஒவ்வொருவராக அவுட் ஆக ஆகச் சிரிப்பு குறைந்தது கேட்டது. பத்து வருடமாகத் தினமும் நடக்கிற வழி! அக்கவுண்ட்ஸ் தெய்வநாயகி அம்மா "கேட்டுக்குள்ள வந்து, அந்தப் பக்கம்..." என்று சொல்லி நிறுத்தி, "ஐயோ, கையக் காட்டிட்டேன்" என்றார்கள். நான் சொன்னேன், பதினோரு வருடம் நான் கேட்ட வழிகள் எல்லாம் இப்படித்தான் காற்றில் கையாகப் போயின என்று. அப்போது ஹாலில் ஒரு அமைதி வந்தது. அது எப்படிப்பட்ட அமைதி?

பன்னீர்செல்வம் மூன்று தடவை அவுட் ஆனான். நாலாவது தடவை சொன்னானே, அதை நான் இன்றைக்கும் வார்த்தை வார்த்தையாகச் சொல்வேன். "கேட்டாண்டேர்ந்து நேரா நாப்பது அடி வை. வலதுகைப் பக்கம் தண்ணி டேங்கு சொட்டிகினு கெடக்கும், சத்தம் கேக்கும். அதத் தாண்டி எடதுகைப் பக்கம் திரும்பு, காலுக்குக் கீழ சிமெண்ட்டு போயி சரளைக்கல்லு வரும். சரளை முடியற எடத்துல படி ரெண்டு. ஏறினா ஸ்டோர்ஸு." அந்த ஹாலில் என்னைவிட நன்றாக வழி சொன்ன ஒரே ஆள் அவன். அவனைத்தான் நீங்கள் என் முழங்கையைப் பிடிக்க வைத்து வீணாக்கினீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். என் பக்கத்தில் வந்தால் பெயர் சொல்லுங்கள், போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், வாய் சும்மா இருக்காமல் ஜி.எம். சாரையும் இழுத்துவிட்டேன். "சார், போன வருஷம் நீங்க பாதியில எழுந்து போய்ட்டீங்க. உங்க காலி நாற்காலிகிட்ட பத்து நிமிஷம் கேபிள் ரிப்பேர் பத்திப் பேசிகினு இருந்தேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். சாரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூட்டம் முடிந்தபின் நாற்காலி நகர்ந்தது, அவர் செருப்பு என்னைத் தாண்டிப் போனது, ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அதே யோசனைதான். பேச வேண்டியதைப் பேசிவிட்டு, பேசக் கூடாததையும் பேசி, போஸ்ட்டைக் கெடுத்துக்கொண்டேனா? பூத்துக்குப் பதில் சொல்ல இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. சாரின் முகம் எப்படி இருந்தது? பயமாக இருக்கிறது மேடம், உண்மையாகச் சொல்கிறேன்.

ஏசுபாதம்

~

கூடுவாஞ்சேரி
9-10-1999

அன்புள்ள ஏசுபாதம்,

சர்க்கரை இல்லாமல் எழுதுகிறேன்.

டெஸ்பாட்சில் இரண்டு பேர் பின்வரிசையில் தூங்கினார்கள். மார்க்கெட்டிங்கிலிருந்து ஒருவர் பாதியில் எழுந்து போனார், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்வாதி முழு நேரமும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி அம்மா தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள், அது திரும்பக் கிளம்பிவிடாமல். நீங்கள் கேட்ட அந்த அமைதியில் யாரும் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற முறை எல்லோர் முகத்திலும் ஈரம் இருந்தது, இந்த முறை நெற்றியில் சுருக்கம் இருந்தது. எனக்கு இதுதான் பிடித்தது. பன்னீர்செல்வம் சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பார்க்க முடியாது என்பதால் எழுதுகிறேன்: எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஜி.எம். சார் முகம் சிவந்துபோனது. காலி நாற்காலி விஷயம் வந்ததும் தலையைக் குனிந்தவர் கடைசி வரை நிமிரவில்லை. அவ்வளவுதான், காகிதத்தை டைப் அடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை என் அறைக்கு வந்தார். "அத்தனை பேர் முன்னால சொல்லிட்டாரேம்மா" என்றார். சிறிது நேரம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷமா பேசிட்டிருந்தார்?" என்று கேட்டார். ஆமாம் சார், அவர் அப்படிக் காலி நாற்காலியிடம் பேசுவதை நானும் ஒருநாள் பார்த்திருக்கிறேன் என்றேன். பார்த்தும் சொல்லவில்லையே என்றார். பிறகு, "அந்தக் குஷன் சேரை விசிட்டர்ஸ் ரூம்ல போடச் சொல்லுங்க. போர்டு அவருது. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வரச் சொல்லுங்க" என்றார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்று, "போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளாக எல்லா அறையிலும் இதையே சொல்லிக்கொண்டு போகிறார். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு.

ஏசுபாதம், நான் இருபது வருடமாக மனிதர்களை வேலைக்கு எடுக்கிறேன், பயிற்சி கொடுக்கிறேன். ஒரு மணி நேரத்தில், மைக்கும் இல்லாமல், யாரையும் கெஞ்சாமல், யாரையும் அவமானப்படுத்தாமல் (சரி, ஒருவரைத் தவிர) அறுபது பேரைத் திருத்தி உட்கார வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. உங்களை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் பெருமையாக இருக்கிறது. இருபதாம் தேதி எட்டரை மணி.

பெண் குழந்தை. நல்ல எடையாம்.

பிரபாவதி

~

பர்சனல் துறை
14-12-1999

மெமோ

பெறுநர்: திரு. ஏ. ஏசுபாதம், டெலிபோன் ஆபரேட்டர்

தாங்கள் 13-12-1999 அன்று காலை 8.30 மணிக்குப் பணியில் இருக்க வேண்டியவர், முன் அனுமதியோ தகவலோ இன்றி 9.25 மணிக்கு வந்துள்ளீர்கள். இதனால் ஐம்பத்தைந்து நிமிடங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆளின்றி இருந்தது. வெளியிலிருந்து வந்த அழைப்புகள் தவறியுள்ளன.

இது பணி ஒழுங்குக்கு மாறானது. இதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அளிக்க வேண்டும்.

பிரபாவதி
பர்சனல் ஆபீசர்

~

15-12-1999

பர்சனல் ஆபீசர் அவர்களுக்கு,

14-12-1999 தேதியிட்ட மெமோ கிடைத்தது. என் விளக்கம் பின்வருமாறு.

13ஆம் தேதி காலை செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசல் டீக்கடை ரேடியோவில் ஆஸ்திரேலியா டெஸ்ட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஓவர் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன். ரயில் வந்தது, எனக்குக் கேட்டது, விட்டுவிட்டேன். அடுத்த ரயிலையும் விட்டுவிட்டேன். பஸ் லேட், மழை, உடம்பு சரியில்லை என்று எழுதலாம். எதுவும் உண்மையில்லை.

மெமோவைப் பன்னீர்செல்வம் படித்துக் காட்டினான். படித்து முடித்ததும், "இன்னாண்ணாத்த, ஒனக்கே மெமோவா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னேன். "நடவடிக்கை" என்ற இடத்தில் மெதுவாகப் படிக்கச் சொன்னேன்.

மேடம், சர்வீஸில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. கத்துவார்கள், திட்டுவார்கள், ஆனால் எழுத்தில் ஒருவரும் ஒன்றும் கொடுத்ததில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் நான் லேட்டாக வந்த நாட்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். என்னோடு அதே ரயிலைத் தவறவிட்டு வந்த ஸ்டோர்ஸ்காரர்களுக்கு அந்தந்த நாளே மெமோ போனது. எனக்கு வரவில்லை. நான் அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம்தான் என்னைத் தனியே ஒதுக்கினார்கள் என்று உங்களிடம் சண்டை போட்டேன் இல்லையா? முதல் நாளிலிருந்தே ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். நேற்று உங்கள் மெமோவைக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

இதில் கையெழுத்துப் போட உங்களுக்குக் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டீர்கள். காகிதத்தில் ஒரு வார்த்தைகூட இரக்கம் இல்லை. பன்னீர்செல்வத்திடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். உங்களைவிடப் பெரிய மனது உள்ள ஆபீசரிடம் நான் வேலை பார்த்ததில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோர்ஸ்காரர்களுக்கு என்ன தண்டனையோ, அதே தண்டனையை எனக்கும் கொடுங்கள். குறைக்காதீர்கள்.

ஏ. ஏசுபாதம்
டெலிபோன் ஆபரேட்டர்